இரவில் விறைக்கும் கை: யாழ்ப்பாணத்தில் மணிக்கட்டுக் குகை நோய்க்குச் சிகிச்சை பெறும் முறை

இரவு இரண்டு மணிக்குக் கை விறைத்து விழித்து, கட்டில் விளிம்பில் இருந்து கையை உதறி உதறி உயிர்வரச் செய்யும் பழக்கம் உங்களுக்கு வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. நான் அரச திணைக்களமொன்றில் முகாமைத்துவ உதவியாளராகப் பணியாற்றுகிறேன். பகல் முழுவதும் தட்டச்சு, விடியற்காலையில் ஐந்து பேருக்கு இடியப்பம் பிழிதல் என்று என் வலது கைக்கு ஓய்வே இருந்ததில்லை. முதல் விறைப்பிலிருந்து சத்திரசிகிச்சை வரை எனக்குப் பதினான்கு மாதங்கள் சென்றன. அவற்றில் நோய்க்கு உண்மையில் தேவைப்பட்டவை நான்கோ ஐந்தோதான். மிகுதியெல்லாம் தவறான இடங்களில் காத்திருந்தும், கடதாசிகளைத் தொலைத்தும், திகதிகளைத் தவறவிட்டும் போனவை.

நோயைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மணிக்கட்டின் உட்புறத்தில் சிற்றெலும்புகள் ஒரு பள்ளமாக அமைந்திருக்க, அதன்மேல் தடித்த நார்ப்பட்டியொன்று கூரைபோல் மூடியிருக்கிறது. அந்தக் குறுகிய வழியினூடாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் செல்கின்றன. உள்ளே வீக்கம் ஏற்பட்டால் முதலில் நசுங்குவது நரம்புதான். வைத்தியர்கள் இதனைக் கார்ப்பல் ரனல் சின்ட்ரோம் என்று எழுதுவார்கள். உங்கள் கிளினிக் கொப்பியில் பெரும்பாலும் அதன் மூன்றெழுத்துச் சுருக்கமான CTS என்பதே இருக்கும்.

1. எந்த விரல் விறைக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள்

வைத்தியரிடம் போவதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறிய கொப்பியில் மூன்று விடயங்களைக் குறித்துவையுங்கள்: எந்தெந்த விரல்கள் விறைத்தன, எத்தனை மணிக்கு, எந்த வேலைக்குப் பின்னர். இந்த நோயில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பெருவிரற் பக்கப் பாதி ஆகியவையே விறைக்கும், சின்னவிரல் தப்பிவிடும். நான் முதல் வைத்தியரிடம் “கை முழுக்க விறைக்கிறது” என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லால் ஆறு மாதங்கள் கழுத்தெலும்புத் தேய்வுக்கு மருந்து சாப்பிட்டேன். வீட்டில் அமைதியாக இருந்து கவனித்தபோதுதான் என் சின்னவிரலுக்கு ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது.

சின்னவிரலே முக்கியமாக விறைத்தால் முழங்கையில் வேறொரு நரம்பு நசுங்கியிருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது நோ தோளிலிருந்து கீழே ஓடினால் கழுத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களும் சேர்ந்து விறைத்தால் சீனி வருத்தத்தை நினைக்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கக் கை பலமிழந்து, வாய் கோணி, பேச்சும் குழறினால் அது இந்த நோயே அல்ல. கொப்பியை வைத்துவிட்டு உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனையொன்று உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் நிலத்தைப் பார்க்க மணிக்கட்டுகளை மடக்கி, ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த நேரத்துக்குள் மேற்சொன்ன விரல்களில் விறைப்போ மின்சாரம் பாய்வது போன்ற உணர்வோ வந்தால், அதையும் கொப்பியில் எழுதுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பெருவிரலின் அடியிலுள்ள சதைமேட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகியோ குழிவிழுந்தோ இருந்தால், அல்லது விறைப்பு இரவில் வந்து போவதை விட்டுப் பகலிரவாகத் தங்கிவிட்டால், நரம்பு நீண்டகாலமாக நசுங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இருப்பவர் கீழே சொல்லப்போகும் கைப்பட்டியை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காமல் நேரே நிபுணரிடம் போக வேண்டும்.

2. முதல் வைத்தியரிடமிருந்து பெறவேண்டியவை

உங்கள் குடும்ப வைத்தியரிடமோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ தொடங்குங்கள். எடுத்த எடுப்பிலேயே கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. இந்த முதற் சந்திப்பிலிருந்து இரண்டு விடயங்களைப் பெறாமல் வெளியே வராதீர்கள். முதலாவது, இரத்தப் பரிசோதனைக்கான துண்டு: சீனியும் தைரொயிட்டும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். ஏனெனில் நீரிழிவும் தைரொயிட் சுரப்புக் குறைவும் இந்த நோயைக் கொண்டுவரக்கூடியவை. அவற்றை விட்டுவிட்டுக் கைக்கு மாத்திரம் வைத்தியம் செய்வது ஓட்டை வாளியால் தண்ணீர் அள்ளுவது போன்றது. இரண்டாவது, நிபுணரின் கிளினிக்குக்கு ஒரு கடிதம்.

மூட்டுவாதம், முன்னர் ஏற்பட்ட மணிக்கட்டு முறிவு, சிறுநீரக நோய்க்கான இரத்தச் சுத்திகரிப்பு ஆகியவை இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் இந்த விறைப்பு வருவது சாதாரணம். பிள்ளை பிறந்த பின்னர் அது பெரும்பாலும் தானாகவே தணியும் என்பதால், அவர்களுக்கு இரவுக் கைப்பட்டியே பெரும்பாலும் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நரம்புக்கு நல்லது என்று விற்றமின் குளிசைகள் மாதக்கணக்கில் எழுதப்படுவதும், நாமாகவே பாமசியில் வாங்கிச் சாப்பிடுவதும் நம் ஊரில் சாதாரணமாக நடப்பவை. உடலில் விற்றமின் குறைபாடு இல்லாதபோது அவை நசுங்கிய நரம்பை விடுவிப்பதில்லை. அது மட்டுமன்றி, விற்றமின் பி6 அளவுக்கு மிஞ்சி நீண்டகாலம் உள்ளே போனால் அதுவே நரம்பைப் பழுதாக்கி விறைப்பை உண்டாக்கும். நோக்குளிசைகளும் நோயின் போக்கை மாற்றமாட்டா; அவற்றில் சில வயிற்றைப் புண்ணாக்கவும் கூடும்.

3. கைப்பட்டி: மலிவானது, ஆனால் பிழையாகப் போடப்படுவது

நோய் மிதமாக இருக்கும்வரை முதற் சிகிச்சை இதுதான். தூங்கும்போது நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிவிடுகிறோம், மடங்கிய மணிக்கட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது, விறைப்பு வருகிறது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை ஒவ்வோர் இரவும், குறைந்தது ஆறு வாரங்களாவது அணிய வேண்டும். நகரிலுள்ள பெரிய பாமசிகளிலும் மருத்துவ உபகரணக் கடைகளிலும் கிடைக்கும். நான் வாங்கியது மூவாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. வலது, இடது வேறு வேறு. அளவும் வேறு வேறு. ஆகவே கையைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். வேறொருவரை அனுப்பி வாங்குவித்து, இடது கைப் பட்டியோடு வந்து நின்ற அனுபவம் எனக்குண்டு.

முக்கியமானது இனித்தான். கடையில் கிடைக்கும் பல பட்டிகளுக்குள் இருக்கும் உலோகத் தகடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து வைப்பதாக அமைந்திருக்கும். அது முறிவு, சுளுக்குக்குச் சரியாக இருக்கலாம். நமக்கு அந்த வளைவே அழுத்தத்தைக் கூட்டிவிடும். தகட்டை உறையிலிருந்து இழுத்தெடுத்து, தட்டையான நிலத்தில் வைத்து நேராக்கி, மீண்டும் செருகுங்கள். அணிந்த பின்னர் புறங்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்; விரல்கள் அடிமூட்டிலிருந்து தாராளமாக மடங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் கூடுதலாகக் குணமாகும் என்று நினைத்து நான் கட்டியதில் காலையில் விரல்கள் ஊதியிருந்தன. சித்திரை வைகாசி வெக்கையில் பட்டிக்குள் வியர்த்துக் கடிக்கும். பழைய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டி உள்ளே அணிந்தால் தாங்கலாம்.

பகலில் பட்டியைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டியதில்லை; வேலையை மாற்றுவதே நல்லது. இடியப்ப உரலை அழுத்துவதையும், துருவலையில் இருந்து தேங்காய் துருவுவதையும், ஈரச்சேலை பிழிவதையும் வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள். கொடுக்கமாட்டோம் என்பது எனக்கும் தெரியும். ஆறு வாரத்துக்காவது கொடுங்கள்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். நோவெண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதில் தீங்கில்லை, சுகமாகவும் இருக்கும். ஆனால் மணிக்கட்டை அழுத்தி உருவுவதும் நெட்டி முறிப்பதும் நசுங்கிய நரம்பை மேலும் நசுக்கும். ஒத்தடம் கொடுப்பவர்கள் சூட்டை மற்றக் கையால் பார்க்க வேண்டும். விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது. தாச்சியின் விளிம்பில் என் சுட்டுவிரல் பட்டுக் கொப்பளித்ததை நான் கண்ணால் பார்த்துத்தான் அறிந்தேன்.

4. கிளினிக்குக்குப் போகும் நாள்

ஆறு வாரங்களில் தணியவில்லை என்றாலோ, தொடக்கத்திலேயே சதை வற்றியிருந்தாலோ நிபுணரைப் பார்க்க வேண்டும். என்பியல் சத்திரசிகிச்சை, நரம்பியல், வாதநோய் ஆகிய மூன்று பிரிவினரும் இந்த நோயைப் பார்ப்பார்கள். கடிதம் எந்தப் பிரிவுக்கு எழுதப்பட்டதோ அங்கேயே போங்கள். யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி பெரியாஸ்பத்திரி, அதாவது யாழ் போதனா வைத்தியசாலை. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள், தங்களுக்கு வேண்டிய கிளினிக் அங்கே நடக்கிறதா என்று முதலில் விசாரித்தால் ஒரு பஸ் பயணம் மிச்சமாகும். அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்கும் சத்திரசிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. உங்கள் செலவு நேரமும் பயணமும்தான்.

ஒவ்வொரு கிளினிக்கும் வாரத்தில் குறித்த நாட்களில் மாத்திரமே நடக்கும். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் நடக்காது. நான் இதை மறந்து, அரைநாள் விடுமுறை எழுதிக்கொண்டு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நெடுந்தீவு, நயினாதீவு போன்ற தீவுகளிலிருந்து படகிலும் பஸ்ஸிலும் வருபவர்கள், தங்கள் நிலையைத் தாதியிடம் முதலிலேயே சொல்லி, அடுத்த திகதியையும் படகு நேரத்துக்கு ஏற்பக் கேட்டுப் பெறலாம்.

கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, கடிதம், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், தற்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயர்கள் (வெற்று மருந்து அட்டைகளையே கொண்டுபோகலாம்), உங்கள் இரண்டு வாரக் கொப்பி. ஒவ்வோர் அறிக்கையையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு, ஒரு போட்டோக் கொப்பியையும் வீட்டில் வையுங்கள். என் முதலாவது நரம்புப் பரிசோதனை அறிக்கை ஒரு கோவையிலிருந்து இன்னொரு கோவைக்கு மாறும்போது காணாமற் போயிற்று. யாருடைய தவறு என்று வாதாடுவதில் பயனில்லை. பரிசோதனையை மீண்டும் செய்து முடிக்க எனக்கு இரண்டரை மாதங்கள் சென்றன.

நேரமில்லாதவர்கள் தனியார் வைத்தியசாலையில் மாலையில் நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது கட்டணத்துக்கு முன்பதிவு செய்து, பார்க்கலாம். வைத்தியர் கட்டணமும் வைத்தியசாலைக் கட்டணமும் சேர்ந்து ஒரு தடவைக்குச் சில ஆயிரம் ரூபா ஆகும். அரச வைத்தியசாலையில் பணியாற்றும் நிபுணர்களே மாலையில் இவ்வாறு பார்ப்பதும் உண்டு. ஆகவே சந்திப்பின் முடிவில், பரிசோதனையையும் சத்திரசிகிச்சையையும் அரச வைத்தியசாலையில் செய்துகொள்ள விரும்புவதாகச் சொல்லிக் கடிதம் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. நான் வெட்கப்பட்டேன்; அதற்கும் ஒரு மாதம் போயிற்று.

5. நரம்புக் கடத்தற் பரிசோதனை

விரலிலும் மணிக்கட்டிலும் சிறிய மின்துடிப்புகளைக் கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தியைக் கடத்துகிறது என்று அளப்பார்கள். சுள்ளென்று இருக்கும், தாங்கலாம். அன்று காலை கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டு எண்ணெயோ கிறீமோ பூசாமல் போங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். மார்கழி மழையில் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியவுடன் பரிசோதனைக்குக் கையை நீட்டாதீர்கள். குளிர்ந்த கையில் நரம்பு இயல்பாகவே மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் முடிவு பிழையாகலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் தொடங்குமுன் சொல்லுங்கள்.

அறிக்கையில் நோய் இலேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று இருக்கும். தொடக்க நிலையில் பரிசோதனை சரியாக இருப்பதாக வந்தும் நோய் இருக்கக்கூடும்; அந்த நேரத்தில் உங்கள் கொப்பியே சாட்சி. சில நிபுணர்கள் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் இந்தப் பரிசோதனை இல்லாமலே சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

6. ஊசியா, சத்திரசிகிச்சையா

மணிக்கட்டுக்குள் போடப்படும் ஸ்டீரொயிட் ஊசி பலருக்கு ஓரிரு வாரங்களில் நல்ல ஆறுதலைத் தரும். ஆனால் அந்த ஆறுதல் சில மாதங்களில் தேய்ந்துபோவது அதிகம். இலேசான அல்லது நடுத்தர நோய்க்கும், கர்ப்பகாலம் போல் காலம் கடத்தினாலே போதும் என்ற நிலைக்கும், பரீட்சை, திருமணம், அறுவடை என்று உடனே சத்திரசிகிச்சைக்குப் போகமுடியாதவர்களுக்கும் அது பொருந்தும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சீனி ஏறும். வீட்டில் அளந்து பார்க்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளிறுவதும் உண்டு. ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுவது சரியன்று. ஊசி போட்ட திகதியைக் கொப்பியில் எழுதிவையுங்கள். பின்னர் சத்திரசிகிச்சை என்று வந்தால், கிருமித் தொற்றுக்கு இடமில்லாமல் போதிய இடைவெளி விடுவதற்கு அந்தத் திகதியைக் கேட்பார்கள்.

சதைமேடு வற்றியவருக்கும், விறைப்பு இடைவிடாமல் இருப்பவருக்கும், பட்டியும் ஊசியும் பயன் தராதவருக்கும் சத்திரசிகிச்சையே வழி. “நரம்பை வெட்டுவார்களாம்” என்று அயலில் சொல்வார்கள். வெட்டப்படுவது நரம்பு அல்ல, அதன்மேல் கூரையாக இருக்கும் நார்ப்பட்டி. கையை மட்டும் விறைக்கச் செய்து, உள்ளங்கையின் அடியில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் கீறி, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள். கீறலுக்கு வலி இல்லை. இரத்தத்தை நிறுத்தக் கையில் இறுக்கும் பட்டிதான் கடுத்தது. கமராக் குழாய் மூலம் சிறிய துளையால் செய்யும் முறையும் உண்டு. அதில் வேலைக்குத் திரும்புவது சற்று விரைவாகலாம்; நீண்டகாலப் பயனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே அதற்காகவே கடன்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தனியாரிடம் செய்வதாயின் எழுத்தில் விலை கேளுங்கள். எனக்குச் சொல்லப்பட்ட தொகை ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல். அதற்குள் நிபுணர், மண்டபம், மருந்து மட்டுமே அடங்கியிருந்தன. கட்டு மாற்றுவதும் தையல் வெட்டுவதும் பின்னர் பார்க்கும் சந்திப்பும் தனித் தனிச் செலவு என்பது இரண்டாவது தடவை கேட்டபோதுதான் வெளிவந்தது. நான் அரச வைத்தியசாலையிலேயே செய்துகொண்டேன்.

7. சத்திரசிகிச்சைக்கு முன்னைய வாரம்

காப்பையும் மோதிரத்தையும் ஒரு வாரத்துக்கு முன்பே கழற்றுங்கள். பல வருடங்களாகக் கழற்றாத காப்பு அன்று காலை கழராது. பத்தரிடம் போய் வெட்டுவிக்க வேண்டிவரும். நகப்பூச்சு, மருதாணி வேண்டாம். அஸ்பிரின், குளோபிடோகிறல், வோபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வரலாமா இல்லையா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். திரும்பிப் போகத் துணைக்கு ஒருவர் வேண்டும்; அன்று நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது.

திகதியைத் தெரிவுசெய்ய இடம் தந்தால் நல்லூர்த் திருவிழாக் காலத்தைத் தவிருங்கள். இருபத்தைந்து நாளும் வீட்டில் சமையலும் விருந்தும், கோவில் வீதியில் நெரிசலும். புண்ணான கையோடு தேர் பார்க்கப் போய் இடிபட்ட ஒருவரைக் கிளினிக்கில் கண்டேன். இரண்டு கைகளிலும் நோய் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். கழிவறைக்குப் போகக்கூட இன்னொருவர் தேவைப்படும்.

8. கட்டோடு வீட்டுக்கு வந்த பின்

முதல் இரண்டு மூன்று நாட்கள் கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்திருங்கள். படுக்கும்போது தலையணை மேல் வையுங்கள். விரல்களை அன்றிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். பயந்து அசையாமல் வைத்திருந்தால் விரல்கள் இறுகிவிடும். கட்டு நனையக்கூடாது. கிணற்றடியில் குளிப்பவர்கள் பொலித்தீன் பையால் கையை மூடிக் கட்டி, வேறொருவரை வாளியால் அள்ளச் சொல்லுங்கள். கயிற்றை இழுப்பது பல வாரங்களுக்கு உங்கள் வேலையன்று. தையலைப் பத்து முதல் பதினான்கு நாட்களில் வெட்டுவார்கள். கட்டு மாற்றுவதை உங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலையில் செய்துகொள்ளலாமா என்று விடும்போதே கேட்டு, அதைத் துண்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், புண்ணில் சீழ், கூடிவரும் சிவப்பு, கட்டுக்கு அப்பாலும் பரவும் வீக்கம், எரிவோடு கை நிறம் மாறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே போங்கள்.

இரவு நோ பெரும்பாலும் சில நாட்களிலேயே போய்விடும். முதல் வாரத்தில் நான் விடிந்த பின்னும் தூங்கியபோது வீட்டில் என்னை எழுப்பி உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்தார்கள். விறைப்பு அப்படியன்று, அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரையும். நீண்டகாலம் நசுங்கியிருந்த நரம்பு முழுவதும் திரும்பாமலும் போகலாம். என் சுட்டுவிரல் நுனியில் இன்னும் சிறிது மரத்த தன்மை இருக்கிறது. கழுத்துக்கு மருந்து சாப்பிட்ட ஆறு மாதங்களின் விலை அது. உள்ளங்கையின் அடியில் இரு பக்கமும் அழுத்தினால் நோவது சில மாதங்களுக்கு இருக்கும். சத்திரசிகிச்சை பிழையாகிவிட்டது என்று பயப்படாதீர்கள். இலேசான தட்டச்சு வேலைக்கு நான் மூன்றாம் வாரம் திரும்பினேன். இடியப்ப உரல், மண்வெட்டி, மேசன் வேலை போன்றவற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பிடிபலம் முழுவதும் வர மூன்று மாதமோ அதற்கு மேலோ செல்லும்.

9. விடுமுறையும் காப்புறுதியும்

அரச ஊழியர்கள் வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போதே மருத்துவச் சான்றிதழையும் நோய் விபர அட்டையையும் கேட்டுப் பெறுங்கள். பின்னர் கேட்டால் இன்னொரு கிளினிக் நாள் போய்விடும். சான்றிதழில் ஓய்வு நாட்களின் தொடக்கமும் முடிவும் இருக்கிறதா, முத்திரை பதிந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தனியாரிடம் செலவழித்தவர்கள் அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்க மூலப் பற்றுச்சீட்டுகள் தேவை. சனலிங் துண்டில் உங்கள் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், முதலெழுத்து விடுபட்டும் இருந்தால் கோரிக்கை திரும்பி வரும். பணம் கட்டும் இடத்திலேயே திருத்துவியுங்கள். கோரிக்கைக்கான கால எல்லையை உங்கள் அலுவலகத் தாபனக் கிளையில் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கட்டுப் போட்ட கையால் படிவம் நிரப்ப முடியாது. என் படிவத்தை மகள் நிரப்பினாள். கையொப்பத்தை மட்டும் இடது கையால் இட்டேன், அது என்னுடையதல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.